ஒரே ஒலியில் இன்னொரு பெயர்: எதிர்ப்பு மனுவுக்கு மீதமிருப்பது பத்தொன்பது நாள்

வண்ணைவாசி

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் என் அப்பா 1991-ஆம் ஆண்டு முதல் மசாலாப் பொடி அரைத்து விற்று வந்தார். அவர் காலமான பிறகு கடையையும் அரவை மில்லையும் நான் நடத்தி வருகிறேன். எங்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மீன் குழம்புப் பொடி. காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வரையுள்ள மளிகைக் கடைகளுக்கு வாரந்தோறும் சரக்குப் போகிறது. விவகாரம் வணிகச் சின்னப் பதிவாளரிடம் போக இருப்பதால் எங்கள் பெயரையும் எதிர்த்தரப்பின் பெயரையும் இங்கே எழுதவில்லை, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சென்ற வாரம் காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் கடைக்கு வந்தார். இருபது ஆண்டுகளாக எங்கள் பொடியைத் தவிர வேறு எதையும் வாங்காதவர். பாதி பிரித்த பாக்கெட் ஒன்றை மேசைமேல் வைத்து, "உங்கப்பா இருந்திருந்தா இப்படி ஒரு பொடிய வித்திருப்பாரா?" என்று கேட்டார். கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் அது எங்கள் பாக்கெட் இல்லை என்பது எனக்கே புரிந்தது. அதே மஞ்சள் அட்டை, அதே சிவப்பு எழுத்து, வலது மூலையில் வட்டத்துக்குள் விலை. பெயரில் இரண்டாம் எழுத்து எங்களுக்குக் குறில், அவர்களுக்கு நெடில், அவ்வளவுதான் வேறுபாடு. முகர்ந்தால் கொத்தமல்லிதான் தூக்கலாக இருந்தது. எங்கள் பொடியில் மிளகும் வெந்தயமும்தான் முன்னால் நிற்கும்.

விசாரித்ததில், அந்தப் பெயரை மசாலாப் பொருட்களுக்கான முப்பதாம் வகுப்பில் பதிவு செய்ய அவர்கள் விண்ணப்பித்திருப்பதும், அது வணிகச் சின்னங்களுக்கான அரசு இதழில் வெளியாகி மூன்று மாதமும் பதினோரு நாளும் கடந்து, எதிர்ப்புத் தெரிவிக்கப் பத்தொன்பது நாளே மீதமிருப்பதும் தெரிய வந்தது. எங்கள் பெயருக்குப் பதிவு இல்லை. 2018-இல் பதிவுக்கென்று ஒருவரிடம் பணமும் ஆவணங்களும் கொடுத்திருந்தேன். அவர் விண்ணப்பத்தைத் தாக்கலே செய்யவில்லை என்பது இப்போதுதான் வெளிப்பட்டது. பதிவில்லாத நாங்கள் எதிர்க்க முடியுமா? மீதமுள்ள நாட்களை நீட்டித்துக் கேட்க வழி உண்டா? எதைச் சான்றாகக் கொடுக்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பாரிமுனை வழக்கறிஞர்

சகோதரி, முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்களுக்குக் காலம் குறைவு. 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, எதிர்ப்புத் தெரிவிக்கும் உரிமையை "எந்த ஒரு நபருக்கும்" கொடுத்திருக்கிறது. எதிர்ப்பவரிடம் பதிவு இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. முன்பே பயன்படுத்தி நற்பெயர் ஈட்டியவர், அந்த நற்பெயரைப் பிறர் தமதாக்கிக்கொள்ளும் போலி விற்பனையைச் சட்டம் தடுக்கும் என்பதையே காரணமாகக் காட்டி, 11-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவின் கீழ் எதிர்க்கலாம்.

இரண்டாம் கேள்விக்கான பதில் கசப்பானது. இதழில் வெளியான நாளிலிருந்து நான்கு மாதம் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்ட எல்லை. தெரியாமல் போயிற்று, உடல்நலமில்லை, ஏஜென்ட் ஏமாற்றினார் என்ற எந்தக் காரணமும் அங்கே செல்லாது; பதிவாளருக்கு அதை நீட்டிக்கும் அதிகாரம் இல்லை. ஆகவே பத்தொன்பதாம் நாள்வரை காத்திருக்காதீர்கள். இணைய வழித் தாக்கலில் கடைசி நாளன்று பணம் செலுத்தும் பக்கம் நின்றுபோய்த் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பத்து நாளுக்குள் முடித்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தின் பெயர் டிஎம்-ஓ. ஒரு வகுப்புக்கு இணைய வழியில் 2,700 ரூபாய், நேரில் கொடுத்தால் 3,000 ரூபாய். மனுவின் அடியில் உறுதிமொழி இருக்க வேண்டும்; எந்தப் பத்தி உங்கள் சொந்த அறிவிலிருந்து சொல்லப்பட்டது, எந்தப் பத்தி ஆவணங்களையும் சட்ட ஆலோசனையையும் நம்பிச் சொல்லப்பட்டது என்பதைப் பத்தி எண்களோடு பிரித்துக் காட்டிக் கையொப்பமிட வேண்டும். பலர் இதை அலட்சியமாக நிரப்பிவிட்டுப் பின்னால் வருந்துகிறார்கள்.

ஆவணங்களைத் தேடத் தொடங்குவதற்கு முன்னால் இன்னொன்றையும் செய்யுங்கள். பதிவு அலுவலக இணையதளத்தில் அந்த விண்ணப்ப எண்ணைக் கொடுத்தால் அவர்கள் தாக்கல் செய்த அத்தனை காகிதங்களும் திறக்கும். பயன்பாடு எந்த நாளிலிருந்து என்ற கட்டத்தைப் பாருங்கள். "இனிமேல் பயன்படுத்தப் போகிறேன்" என்று போட்டிருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. முந்தைய தேதி ஒன்றைப் போட்டிருந்தால் அதற்கு ஆதாரமாகப் பிரமாண வாக்குமூலமும் ஆவணங்களும் இணைத்திருக்க வேண்டும். அவற்றைத் தரவிறக்கி வரிவரியாகப் படியுங்கள்.

வண்ணைவாசி

ஐயா, மிக்க நன்றி. பார்த்தேன். 2019 ஏப்ரல் முதல் பயன்படுத்தி வருவதாகப் போட்டிருக்கிறார்கள். இணைத்திருக்கும் பில்களில் மிகப் பழையது 2021-ஆம் ஆண்டுக்குரியது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, லேபிளாகவே விண்ணப்பித்திருக்கிறார்கள். எங்கள் அட்டையில் ஆங்கிலத்தில் "கே" எழுத்து வரும் இடத்தில் அவர்கள் "ஜி" போட்டிருக்கிறார்கள். பதிவு அலுவலகத்தின் பரிசோதனை அறிக்கையில் எந்த முந்தைய பெயரும் தடையாக மேற்கோள் காட்டப்படவில்லை.

காலடிப்பேட்டை

மன்னிக்கவும், ஓர் ஐயம். நானும் ஒரு பெயரைப் பதிவு செய்ய எண்ணித் தேடிக்கொண்டிருக்கிறேன். எழுத்து மாறியிருந்தால் அதே பெயர் தேடலில் வராமல் போய்விடுமா?

பாரிமுனை வழக்கறிஞர்

எழுத்துக்கு எழுத்துத் தேடும்போது வராமல் போகலாம். அதனால்தான் அந்தத் தளத்தில் ஒலியை வைத்துத் தேடும் வசதி தனியாக இருக்கிறது. தமிழில் க என்ற ஒரே எழுத்து மூன்று நான்கு ஒலிகளுக்கு நிற்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் எழுதுகிறார்கள். த, ட, ப, ச ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். தமிழ்ப் பெயரைத் தேடுகிறவர் ஆங்கிலத்தில் அதை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதித் தேட வேண்டும். தமிழ் எழுத்தில் உள்ள பெயருக்கு விண்ணப்பிக்கும்போது ஒலிபெயர்ப்பும் பொருளும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதிகள் சொல்வதன் காரணமும் இதுதான்.

வண்ணைவாசி அவர்களின் விஷயத்தில், பரிசோதகரின் பார்வைக்கு எட்ட அவருடைய பெயர் பதிவேட்டில் இல்லவே இல்லை. பதிவேட்டில் இல்லாத பெயரைப் பரிசோதகர் எப்படி மேற்கோள் காட்டுவார்? அந்தக் குறையை நிரப்புவதற்காகவே எதிர்ப்பு என்ற கட்டம் சட்டத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

பெரம்பூர் ஆயத்த ஆடை

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். மறுபக்கத்தில் நின்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்; சகோதரி தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். எட்டு ஆண்டுகளாக நைட்டி தைத்து விற்கிறேன். என் மகளின் பெயரை வைத்து, ஆடைகளுக்கான இருபத்தைந்தாம் வகுப்பில் விண்ணப்பித்தேன். இதழில் வெளியான மூன்றாம் மாதத்தில், வட இந்தியாவில் உள்ள ஒரு பெரிய துணி நிறுவனம் எதிர்ப்பு மனு போட்டது. அவர்களுடைய பெயருக்கும் என் பெயருக்கும் முதல் இரண்டு எழுத்துகள் மட்டுமே ஒன்று. அவர்கள் விற்பது ஆண்களுக்கான சூட்டுத் துணி.

மனுவின் நகல் மின்னஞ்சலில் வந்திருந்தது. நான் கடையில் ஊசியும் நூலுமாக இருப்பவன். மின்னஞ்சலைப் பார்ப்பது மாதத்துக்கு ஒருமுறை. இரண்டு மாதத்துக்குள் பதிலுரை கொடுக்கவில்லை என்றால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கருதப்படும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தபோது இரண்டரை மாதம் ஆகியிருந்தது. என் பெயர் தவறானது என்று எந்த அதிகாரியும் சொல்லவில்லை. ஆனாலும் விண்ணப்பம் போய்விட்டது. எதிர்ப்பு மனு என்பது பணம் உள்ளவர்கள் சிறு வியாபாரிகளைப் பயமுறுத்தக் கையில் எடுக்கும் கோலாகவும் இருக்கிறது. ஆகவே, எதிர்த்தரப்பில் இருப்பவரும் ஒரு சிறிய மில்காரராக இருந்தால், முதலில் ஒருமுறை நேரில் பேசிப் பாருங்கள் என்பது என் கருத்து.

வண்ணைவாசி

அண்ணா, உங்களுக்கு நேர்ந்தது வருத்தத்துக்குரியது. உங்கள் ஆலோசனையை நான் ஒதுக்கவில்லை. நேற்றே அவர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். "பதிவு எங்களுக்கு வந்ததும் நீங்கள்தான் பெயரை மாற்ற வேண்டியிருக்கும், அட்டை அடிக்கும் முன் யோசித்துக்கொள்ளுங்கள்" என்பதே கிடைத்த பதில். அப்பாவின் கையெழுத்தில் எழுதி வைத்த பெயரை நான் மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொல்லக் கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது. இதற்குப் பிறகு எதிர்க்காமல் இருப்பது முறையாகாது என்று முடிவு செய்துவிட்டேன்.

இனி சான்றுகளைப் பற்றிக் கேட்க வேண்டும். பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கிப் பார்த்தேன். 1993 முதல் 2006 வரை பதினேழு பில் புத்தகங்கள் கிடைத்தன. கார்பன் தாள் வைத்து எழுதிய நீல நகல்கள். விற்பனை வரி எண் ஒவ்வொரு தாளிலும் அச்சாகியிருக்கிறது. ஆனால் பில்லின் தலைப்பில் இருப்பது மில்லின் பெயர். உள்ளே "மீன் பொடி 50 கிராம் 4 டஜன்" என்றுதான் அப்பா எழுதியிருக்கிறார். பொடியின் பெயர் எந்த இடத்திலும் இல்லை. இவை பயன்படுமா என்று தெரியவில்லை.

மண்ணடி அச்சகம்

அந்தக் கவலை வேண்டாம், அம்மா. பொடியின் பெயர் உங்கள் பில்லில் இல்லாவிட்டாலும் லேபிள் அடித்துக் கொடுத்தவரின் பில்லில் கட்டாயம் இருக்கும். நாங்கள் முப்பது ஆண்டுகளாக அச்சுத் தொழிலில் இருக்கிறோம். லேபிள் வேலைக்குப் பில் போடும்போது என்ன லேபிள், எத்தனை ஆயிரம், எத்தனை நிறம் என்று எழுதாமல் பணம் வாங்குவது கிடையாது. அந்தக் காலத்தில் பிளாக் செய்தவர் தனி, அச்சடித்தவர் தனி. இரண்டு பேரிடமும் பில் வாங்கியிருப்பார். அப்பாவின் கொள்முதல் கோப்பில் தேடுங்கள், விற்பனைக் கோப்பில் தேடாதீர்கள். பழைய பிளாக் வீட்டில் இருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடாமல் படமெடுத்து வையுங்கள். மரக்கட்டையில் அறைந்த துத்தநாகத் தகடாக இருக்கும். எழுத்து இடவலம் மாறித் தெரியும்.

ஒற்றியூர் ஊறுகாய்

நானும் வீட்டிலிருந்தே சிறு அளவில் ஊறுகாய் போட்டு விற்பவள் என்பதால் சொல்கிறேன். கோயில் விழா மலர்களைத் தேடிப் பாருங்கள். நம் பக்கத்தில் கும்பாபிஷேகம், மாதா கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா என்று எது நடந்தாலும் மலர் போட்டு, கடைக்காரர்களிடம் கால் பக்கம் விளம்பரம் வாங்குவார்கள். அதில் பொடியின் பெயரும் படமும் இருக்கும். மலரின் அட்டையில் ஆண்டு இருக்கும். என் பெயர்த் தகராறில் எனக்குக் கைகொடுத்தது அப்படி ஒரு மலரில் வந்த கால் பக்கம்தான். அதைவிட நம்பகமான தேதி வேறு எந்தக் காகிதத்திலும் என்னிடம் இருக்கவில்லை.

பாரிமுனை வழக்கறிஞர்

மேலே இருவரும் சொன்னவை சட்டப் புத்தகத்தில் கிடைக்காத அறிவுரைகள். இரண்டையும் அப்படியே செய்யுங்கள். உங்கள் பில் புத்தகங்களும் வீண் அல்ல. அச்சகத்தின் பில் பெயரைக் காட்டும். உங்கள் பில் சரக்கு எந்தெந்தக் கடைக்கு, எவ்வளவு, எத்தனை ஆண்டு போயிற்று என்பதைக் காட்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் தொடர் பயன்பாடு தெளிவாகும். தமிழ்நாட்டில் பழைய விற்பனை வரி முறை 2006 இறுதியோடு முடிந்து, 2007 ஜனவரி முதல் நாள் மதிப்புக் கூட்டு வரி வந்தது. ஜிஎஸ்டி 2017 ஜூலை முதல் நாள். பில்லில் எந்த வரி எண் இருக்கிறது என்பதை வைத்தே அது எந்தக் காலத்துக் காகிதம் என்று பதிவாளர் அறிந்துகொள்வார். பின்னால் எழுதிச் சேர்த்த பில்கள் அகப்பட்டுக்கொள்வதும் இந்த எண்களால்தான்.

தமிழில் உள்ள ஒவ்வொரு ஆவணத்துக்கும் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை இணைக்க வேண்டும். 2007-க்குப் பிந்தைய அனல் அச்சு ரசீதுகள் வைத்திருந்தால் இன்றே நகலெடுங்கள். மூன்று நான்கு கோடையில் அவை வெற்றுத்தாளாகிவிடும்.

இனி, ஒலி ஒற்றுமை என்ற முதன்மையான வாதம். இதற்கு நீங்கள் வெளியூர்த் தீர்ப்பைத் தேட வேண்டியதில்லை. நம் சென்னையிலேயே பிறந்த வழக்கு இருக்கிறது. "ஸ்ரீ அம்பாள்" என்ற பெயரில் மூக்குப்பொடி விற்ற நிறுவனம், "ஸ்ரீ ஆண்டாள்" என்ற பெயரில் மூக்குப்பொடிக்குப் பதிவு கேட்ட இன்னொருவரை எதிர்த்தது. பதிவாளர் அந்த எதிர்ப்பை ஏற்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் பதிவாளரின் உத்தரவை ரத்து செய்தது. 1969-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அம்பாள் என்றால் சிவனின் துணைவி, ஆண்டாள் என்றால் திருமாலைப் பாடிய அடியார். தமிழர் எவரும் இருவரையும் குழப்பிக்கொள்ள மாட்டார்களே என்பது விண்ணப்பதாரரின் வாதம். கேட்பதற்கு வலுவான வாதம்தான். ஆனால் மூக்குப்பொடி வாங்குகிறவர்கள் எல்லோரும் அந்தப் பொருள் வேறுபாட்டை அறிந்தவர்களாக இருக்க மாட்டார்கள், இரண்டு சொற்களும் ஒலியில் ஒன்றுக்கொன்று நெருங்கி நிற்கின்றன, கண்ணால் ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டுமே எப்போதும் முடிவான அளவுகோல் ஆகாது என்று நீதிமன்றம் கண்டது. யாராவது உண்மையிலேயே ஏமாந்தார் என்பதற்குச் சாட்சி இல்லாமல் இருந்தும் அந்த எதிர்ப்பு வென்றது.

உங்களிடமோ ஏமாந்தவரே சாட்சியாக இருக்கிறார். மளிகைக் கடை வாசலில் நின்றுகொண்டு, கூட்டத்துக்கு நடுவே, "ஒரு மீன் பொடி குடுங்க" என்று பெயரைச் சொல்லிக் கேட்கிறவர் குறிலையும் நெடிலையும் அளந்து பேசுவதில்லை. எடுத்துக் கொடுக்கும் பையனும் அளந்து கேட்பதில்லை. இதை உங்கள் மனுவில் ஒரு தனிப் பத்தியாக எழுதுங்கள். இரண்டு பாக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தவறான சோதனை. ஒரு மாதத்துக்கு முன் வாங்கியதை அரைகுறையாக நினைவில் வைத்திருக்கும் சாதாரண வாடிக்கையாளர், இப்போது மற்றதை மட்டும் பார்த்தால் என்ன நினைப்பார் என்பதே சோதனை. 1959-இல் "குளுக்கோவிட்டா", "குளுவிட்டா" வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோலும் இதுவே.

பெரம்பூர் ஆயத்த ஆடை

ஐயா, உங்களோடு எனக்கு வேறுபாடில்லை. எதிர்த்தரப்பு அப்படிப் பேசிய பிறகு சகோதரி எதிர்ப்பதே நியாயம். ஆனால் நேர்மையாக, ஒன்றும் அறியாமல், ஒரே மாதிரியான பெயரை இருவர் பல ஆண்டு பயன்படுத்தியிருந்தால் சட்டம் இருவருக்கும் இடம் கொடுக்கிறதல்லவா? அதை வைத்து அவர்கள் தப்பித்துக்கொள்ள மாட்டார்களா?

பாரிமுனை வழக்கறிஞர்

சரியான கேள்வி. 12-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது: நேர்மையான உடன்நிகழ் பயன்பாடு அல்லது வேறு சிறப்புச் சூழ்நிலை இருந்தால், நிபந்தனைகளோடு இருவர் பெயரையும் பதிவு செய்யலாம். "அமிர்ததாரா", "லக்ஷ்மண்தாரா" வழக்கில் 1962-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு பெயர்களும் மயக்கம் தரும் அளவுக்கு ஒத்திருக்கின்றன என்று முடிவு செய்தது. ஆயினும், முன்னவர் தெரிந்தே நெடுங்காலம் பேசாமல் இருந்ததைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, பின்னவருக்கு உத்தரப் பிரதேச விற்பனைக்கு மட்டும் பதிவை அனுமதித்தது.

எதிர்ப்பு மனு போடுகிறவர்கள் அந்தத் தீர்ப்பைப் பாதியளவே படிக்கிறார்கள் என்பது என் வருத்தம். அமிர்ததாராவுக்கு இடையூறாக வந்தது பெயர் அல்ல, தாமதம். சகோதரி, உங்கள் விஷயத்தில் எதிர்த்தரப்பின் உண்மையான ஆதாரம் 2021-இலிருந்துதான் தொடங்குகிறது. அவர்களும் இதே வடசென்னையில், இதே சரக்கை, இதே நிற அட்டையில் விற்கிறார்கள். நேர்மை என்ற சொல் அங்கே நிற்பது கடினம். ஆனால் இன்னும் இரண்டு மூன்று ஆண்டு நீங்கள் பேசாமல் இருந்திருந்தால் நான் இவ்வளவு உறுதியாக எழுதியிருக்க மாட்டேன்.

பெரம்பூர் நண்பரே, உங்களுடைய இரண்டரை மாத விவகாரத்துக்கும் ஒரு சொல். இரண்டு மாதம் என்பது எதிர்ப்பு மனு விண்ணப்பதாரருக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணப்பட வேண்டியது. மின்னஞ்சல் அனுப்பியதாகப் பதிவு அலுவலகம் சொல்வது மட்டும் போதாது, அது வந்து சேர்ந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் உங்களுக்கு மின்னஞ்சல் வந்து சேர்ந்திருக்கிறது; திறக்காமல் விட்டதுதான் பிழை. ஆகவே அது உங்களுக்கு உதவுமா என்பது ஐயமே. புதிய விண்ணப்பம் போடுவதற்குத் தடை ஏதும் இல்லை.

காலடிப்பேட்டை

எதிர்ப்பு மனு போட்டால் அவர்கள் விற்பதை நிறுத்திவிடுவார்களா? அல்லது வழக்கு முடியும்வரை இரண்டு பாக்கெட்டும் கடையில் தொங்கிக்கொண்டுதான் இருக்குமா?

பாரிமுனை வழக்கறிஞர்

தொங்கிக்கொண்டுதான் இருக்கும். எதிர்ப்பு மனு பதிவைத் தடுக்குமே தவிர விற்பனையைத் தடுக்காது. விற்பனையை நிறுத்த வேண்டும் என்றால் நீதிமன்றத்தில் போலி விற்பனை வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடை கேட்க வேண்டும். அவசரத் தடை கேட்காத வணிக வழக்காக இருந்தால் முதலில் சமரசத்துக்குப் போயாக வேண்டும் என்பதும் கட்டாயம். 2021-இல் அறிவுச் சொத்து மேல்முறையீட்டு வாரியம் கலைக்கப்பட்ட பிறகு, பதிவாளரின் உத்தரவை எதிர்த்த மேல்முறையீடும் உயர் நீதிமன்றத்துக்கே வந்துவிட்டது. சென்னையில் அதற்கென அறிவுச் சொத்துப் பிரிவு 2023 முதல் இயங்குகிறது.

திருநெல்வேலி "இருட்டுக்கடை அல்வா" வழக்கை இங்கே நினைவூட்ட வேண்டும். 2015-இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில், முன்பே பயன்படுத்தியவரின் உரிமை பதிவு பெற்றவரின் உரிமையைவிட மேலானது என்பதைத் தெளிவாகச் சொன்னது. 34-ஆம் பிரிவும் முன்பயன்பாட்டைக் காக்கிறது. ஆகவே, "பதிவு வந்ததும் நீங்கள் பெயரை மாற்ற வேண்டும்" என்று தொலைபேசியில் சொன்னவர் சட்டத்தைத் தமக்கு வசதியாகச் சுருக்கிச் சொல்லியிருக்கிறார். இருந்தாலும் பதிவு அவர்கள் கைக்குப் போய்விட்டால், அதை நீக்கக் கோரி 57-ஆம் பிரிவின் கீழ் நீங்கள் அலைய வேண்டியிருக்கும். கடைக்காரர்களுக்கு அவர்கள் நோட்டீஸ் அனுப்பிப் பயமுறுத்தவும் முடியும். பதிவுக்கு முன் தடுப்பதற்கு 2,700 ரூபாயும் கொஞ்சம் உழைப்பும் போதும்; பதிவுக்குப் பின் நீக்குவதற்கு அது போதாது.

எதிர்ப்பைத் தாக்கல் செய்யும் அதே வாரத்தில் உங்கள் பெயருக்கும் டிஎம்-ஏ படிவத்தில் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் இணைய வழியில் வகுப்புக்கு 4,500 ரூபாய். 1991 முதல் பயன்பாடு என்று எழுதுவதற்கு முன், 1991-க்கு உங்களிடம் காகிதம் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் காகிதம் 1993-க்குரியது என்றால் 1993 என்றே எழுதுங்கள். இரண்டு ஆண்டைக் கூட்டிச் சொல்லி, முழு வாக்குமூலத்தின் நம்பகத்தையும் இழந்துவிடக் கூடாது.

வண்ணைவாசி

ஐயா சொன்னபடி பத்தாம் நாளே எதிர்ப்பு மனு தாக்கலாகிவிட்டது. இணையத்தில் அந்த விண்ணப்பத்தின் நிலை "எதிர்க்கப்பட்டது" என்று மாறியிருக்கிறது. எங்கள் விண்ணப்பமும் தாக்கலாயிற்று. அப்பாவின் கொள்முதல் கோப்பில், மின்ட் பகுதி அச்சகம் ஒன்றின் 1992 நவம்பர் மாதத்துப் பில் கிடைத்தது: பொடியின் பெயரைக் குறிப்பிட்டு "லேபிள் இரண்டு நிறம் 10,000" என்று எழுதியிருக்கிறது. அப்பா அதன் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டிருக்கிறார். மண்ணடி அச்சகத்தாருக்கு என் நன்றி. 1992 என்றே எழுதினோம்.

கிண்டி ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் உள்ள பதிவு அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போய் வந்தேன். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கிவிடலாம்; உயர் நீதிமன்றமும் அதே தடத்தில்தான் இருக்கிறது. நம் பகுதியிலிருந்து போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் குறிப்பிடுகிறேன்.

வண்ணைவாசி

ஏழு மாதத்துக்குப் பிறகு இந்த இழைக்குத் திரும்புகிறேன். எதிர்த்தரப்பின் பதிலுரை கிடைத்தது. எங்கள் பெயர் ஊரெல்லாம் வழங்கும் பெண் பெயர், அதை யாரும் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது என்பது முதல் வாதம். அதே பெயரைத் தங்களுக்கென்று பதியத்தான் அவர்கள் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்பதைப் பதிலில் எழுதியிருக்கிறோம். குறிலும் நெடிலும் பொருளை மாற்றும் என்பது இரண்டாம் வாதம். அதற்கு அம்பாள், ஆண்டாள் தீர்ப்பை வைத்திருக்கிறோம்.

பதிலுரை கிடைத்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் எங்கள் சான்றுகளைப் பிரமாண வாக்குமூலமாகக் கொடுக்க வேண்டும் என்றும், கொடுக்காவிட்டால் எங்கள் எதிர்ப்பையே கைவிட்டதாகக் கருதுவார்கள் என்றும் ஐயா தனிச் செய்தியில் முன்பே எச்சரித்திருந்ததால், ஆறு வாரத்திலேயே முடித்துவிட்டோம். என் வாக்குமூலத்தோடு நான்கு மளிகைக் கடைக்காரர்களின் வாக்குமூலமும், 1998-ஆம் ஆண்டுக் கும்பாபிஷேக மலரின் பக்கமும், அச்சகப் பில்களும் மொழிபெயர்ப்புகளும் சேர்ந்து இருநூற்றுப் பதினான்கு பக்கம் வந்தது.

காசிமேட்டு அக்காவும் வாக்குமூலம் கொடுத்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே பாரிமுனையில் நோட்டரி முன்னிலையில் ஒவ்வொரு வரியையும் தமிழில் படித்து விளக்கி, அப்படி விளக்கப்பட்டது என்ற சான்றையும் அடியில் எழுதிய பிறகே கைநாட்டு வாங்கினார்கள். பாக்கெட் வாங்கிய நாள் ஞாயிற்றுக்கிழமை என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார். "ஞாயித்துக்கிழமை எனக்கு ஏது நேரம், அன்னிக்குத்தான் யாவாரமே. நான் வாங்கினது சனிக்கிழமை சாயங்காலம்" என்றார். அந்தப் பக்கத்தை மறுபடி தட்டச்சு செய்து வாங்கும்வரை அவர் மீன் கூடையைப் படிக்கட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

சான்றுகளின் நகல் எதிர்த்தரப்புக்கு அனுப்பப்பட்டு, அனுப்பிய விவரமும் பதிவாளருக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டது. தங்கள் சான்றைக் கொடுக்க அவர்களுக்கு இப்போது இரண்டு மாதம் இருக்கிறது. அதற்கு மறுமொழியாக எங்களுக்கு ஒரு மாதம். விசாரணைத் தேதி வந்ததும் இங்கே எழுதுகிறேன்.